விடுவித்த ஆசிரியையைத் திருப்பித் தாருங்கள்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

எமது வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், மாகாணக் கல்வி நிர்வாகத்தில் இவ்விடயத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

கடந்த மாதம் ஒரே வாரத்தில் எமது பாடசாலைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அடுத்த தவணையிலிருந்து ஒவ்வோர் ஆசிரியரும் வாரத்துக்கு ஒரு பாடத்தையேனும் இணையவழிக் கற்றல் தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்றும், பதிவேற்றங்களின் எண்ணிக்கை ஆசிரியரின் செயலாற்றுகை மதிப்பீட்டில் சேர்க்கப்படும் என்றும் முதற் கடிதம் அறிவித்தது. இக்கருவிகளைப் பயன்படுத்துவதில் எமக்கு உதவுவதற்கென வாரத்தில் இரண்டு நாட்கள் ஆசிரியர் மத்திய நிலையத்துக்கு விடுவிக்கப்பட்டிருந்த தகவல் தொழில்நுட்ப ஆசிரியையை, அவருடைய நிரந்தரப் பாடசாலைக்கு முழுநேரமாகத் திருப்பி அழைத்தது இரண்டாவது கடிதம். கட்டளை வந்த வாரத்திலேயே துணை பறிக்கப்பட்டது. அதிபர் ஊடாக முறைப்படி அனுப்பிய என் முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லாததால், அதையே இங்கே பகிரங்கமாக எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவள். இணையவழிக் கற்றலை விரும்பாத ஆசிரியை ஒருத்தியின் புலம்பல் என்று இம்மடலை ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிகள் வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே வேண்டும். எமது ஆய்வுகூடத்தில் ஒழுங்காக இயங்கும் அம்பியர்மானிகள் ஒரு வகுப்புக்குப் போதாது. மின்சுற்றைக் கற்பிக்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்னும் செயற்றிட்டத்தின் மாதிரி ஆய்வுகளைக் கணினித் திரையில் காட்டத் தொடங்கிய பின்பு, கம்பியை எங்கே இணைத்தால் மின்குமிழ் எரியும், தடையைக் கூட்டினால் ஓட்டம் என்னவாகும் என்பதைப் பின்வரிசைப் பிள்ளையும் தன் கையால் செய்து பார்த்தது. அவை இலவசமானவை, ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே இயங்குபவை. இதை எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள் திருப்பி அழைத்த அந்த ஆசிரியைதான்.

எமது பிரதேசத்தின் காலநிலையும் இதற்கு ஒரு காரணம். நவம்பரில் மாரி மழை தொடங்கிவிட்டால் எத்தனையோ கிராமங்களுக்குப் பாதை இல்லை. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் ஊடாகச் செல்லும் வீதியை வெள்ளம் மூடினால் அப்பால் உள்ள ஊர்களுக்குப் படகில்தான் போக வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இரண்டு தடவையும் பாடசாலைகள் மூடப்பட்டன. இனியும் மூடப்படும். மூடப்பட்ட நாட்களில் பிள்ளையுடன் தொடர்பு அறுந்துவிடாமல் வைத்திருக்க ஆசிரியருக்கு ஒரு வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில் தங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வழியை ஆசிரியர் எப்படிக் கற்றுக்கொள்வார் என்பதில்தான் வேறுபாடு.

2020 மார்ச்சில் பாடசாலைகள் திடீரென மூடப்பட்டபோது எமக்கு எவரும் எதையும் கற்றுத் தரவில்லை. கையில் இருந்த வட்ஸ்அப்பை எடுத்துக்கொண்டோம். கரும்பலகையில் எழுதியதைப் படம்பிடித்து அனுப்பினோம்; பிள்ளைகள் கொப்பியைப் படம்பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள்; இரவிரவாகச் சிறிய திரையில் கண் வலிக்க வலிக்கத் திருத்தினோம். ஸூம் இலவசக் கணக்கில் வகுப்பு எடுத்தவர்களுக்கு 40 நிமிடத்தில் தொடர்பு துண்டிக்கப்பட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஒலி கேட்கிறதா என்று விசாரித்து முடியவே அதில் பாதி போய்விடும். பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கைபேசி. அதுவும் தகப்பனுடன் வயலுக்கோ மேசன் வேலைக்கோ போயிருக்கும். “போன் அவரோட போயிற்று ரீச்சர், ராவைக்குத்தான் வரும்” என்று ஒரு தாய் சொன்னதற்குப் பிறகு, என் வகுப்பின் நேரத்தை இரவுக்கு மாற்றினேன். சிக்னல் தேடிக் குளக்கட்டுக்குப் போகும் பிள்ளைகளை, யானை வரும் நேரம், வீட்டுக்குத் திரும்பிப் போகும்படி கெஞ்சியிருக்கிறோம்.

இதில் வெளியே பேசப்படாத ஒன்றையும் தாங்கள் அறிய வேண்டும். வட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குவதென்றால் ஆசிரியையின் சொந்தத் தொலைபேசி இலக்கம் ஒரு வகுப்பின் அத்தனை வீடுகளுக்கும் போய்ச் சேருகிறது. அந்த இலக்கம் பிள்ளையின் கையில் மட்டும் நிற்பதில்லை. நள்ளிரவில் முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து அழைப்புகள் வந்ததால் பல ஆண்டுகள் வைத்திருந்த இலக்கத்தை மாற்றிய இளம் ஆசிரியைகள் எமது வலயத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அதன் பின்பு எந்த இணைய வகுப்புக்கும் சம்மதிக்கவில்லை. “ஒத்துழைக்காத ஆசிரியர்” என்று அவரைப் பற்றிக் குறிப்பு எழுதப்பட்டது. தொலைபேசி இலக்கத்தை வெளியிடாமலே வகுப்பு நடத்தக்கூடிய கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் போன்ற தளங்கள் அப்போதே இருந்தன. அவற்றை அவருக்குக் காட்ட ஆள்தான் இருக்கவில்லை.

செலவும் எங்களுடையதே. அதே 2020 இல் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை மாணவர்களும் விரிவுரையாளர்களும் டேட்டாக் கட்டணமின்றிப் பயன்படுத்த ஏற்பாடு செய்யப்பட்டது. லேர்ன் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக அவர்களுக்கு ஸூம் வசதியும் கிடைத்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் பாடசாலை ஆசிரியர் தான் நடத்திய வகுப்புக்கான டேட்டாவைச் சம்பளத்திலிருந்து வாங்கினார். 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது சம்பள முரண்பாடே தலைமைக் கோரிக்கையாக இருந்தது. எமது ஆசிரியர் அறையிலோ, துணையின்றி விடப்பட்ட மனக்கசப்பே அதைவிட அதிகமாகப் பேசப்பட்டது. 2022 யூனில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. மறுபடி அதே வட்ஸ்அப், அதே சொந்தச் செலவு.

எமக்குப் பயிற்சி தரப்படவில்லை என்று தங்கள் அலுவலர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செயலமர்வுகள் நடந்தன, வரவுப் பதிவேட்டில் எங்கள் கையொப்பமும் இருக்கிறது. அவை எப்படி நடந்தன என்பதைச் சொல்கிறேன். பாடசாலை முடிந்து பசியோடு வந்த ஆசிரியர்கள் ஒரு மண்டபம் நிறைய அமர்த்தப்பட்டார்கள். முன்னால் ஒரு திரை. வளவாளர் தம் கணினியில் வேகமாகச் சொடுக்கிக்கொண்டே போனார். திரையில் இருந்தவை ஆங்கிலத்தில் இருந்தன. ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்கும் உயர்தர இரசாயனவியல் ஆசிரியருக்கும் சங்கீத ஆசிரியைக்கும் ஒரே விளக்கம். மடிக்கணினி கொண்டு வந்தவர்கள் சிலர். மற்றவர்கள் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கேள்வி நேரம் என்று ஒன்று இருந்தது, அத்தனை பேர் முன்னிலையில், தம் மாணவர்களின் வயதொத்த வளவாளரிடம், “கடவுச்சொல்லை மறந்துவிட்டேன், என்ன செய்வது?” என்று கேட்க ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவருக்கு எப்படி மனம் வரும்? வீட்டுக்குப் போய்த் தனியே முயலும்போதுதான் ஐயங்கள் எழுகின்றன. அப்போது கேட்க எவரும் இல்லை.

அந்த இடைவெளியைத்தான் விடுவிக்கப்பட்ட ஆசிரியை நிரப்பினார். ஒரேயொரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் தங்கள் பணிமனையின் கோப்புகளில் இப்படியான வேலைக்குப் பத்தியே இல்லை.

எமது பாடசாலையின் மூத்த தமிழாசிரியை ஒருவர் நீண்ட காலமாகத் தயாரித்த வினாத்தாள்களும் இலக்கண விளக்கங்களும் இலக்கிய வினாவிடைகளும் அவருடைய பென் டிரைவில் இருந்தன. கோட்டத்திலேயே அவ்வளவு செம்மையான தொகுப்பு வேறொருவரிடம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. கட்டளைக்குப் பணிந்து அவற்றை அவர் கிளாஸ்ரூமில் ஏற்றினார். பிள்ளைகள் கைபேசியில் திறந்தார்கள். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் வரி வரியாகத் தெரிந்தன. ஏதோ வைரஸ் வந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள். தம்மால் கணினியே பழுதாகிவிட்டதோ என்று அவர் பயந்து, அன்றோடு அந்தப் பக்கமே போகாமல் விட்டார். நடந்தது இதுதான்: எமது பாடசாலைகளில் இன்னும் பெரும்பாலான தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியது அந்த எழுத்துரு. அது நிறுவப்பட்ட கணினியில் தமிழாகத் தெரியும். அது இல்லாத கைபேசியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளிப்படும். எந்தக் கருவியிலும் எழுத்துச் சிதையாமல் தெரிவதற்கான உலகப் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோட். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் பாடசாலை அலுவலகத்திலும் அச்சகத்திலும் பாமினி தொடர்ந்தது. வலயத்திலிருந்து எமக்கு வரும் மாதிரி வினாத்தாள்களும் அப்படியே.

விடுவிக்கப்பட்ட அந்த ஆசிரியை ஒரு பிற்பகலில் வந்து தமிழாசிரியையின் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்தார். எழுத்துரு மாற்றியில் ஒரு பக்கத்தை ஒட்டி, யூனிகோட்டுக்கு மாற்றி, மீண்டும் ஏற்றிக் காட்டினார். இரண்டாவது பக்கத்தைத் தமிழாசிரியையே செய்தார். “ஸ்ரீ”யும் எண்களும் சில இடங்களில் பிறழ்வதை எப்படித் திருத்துவது என்று அடுத்த வாரம் மறுபடி வந்து காட்டினார். அந்தத் தவணை முடிவதற்குள் சாதாரண தரத் தமிழ் இலக்கிய வினாவிடைகள் முழுவதும் பிள்ளைகளின் கைபேசியில் ஒழுங்கான தமிழில் இருந்தன. பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களும் கேட்டு வாங்கினார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒருவரின் வாழ்நாள் உழைப்பு இப்படிக் காப்பாற்றப்பட்டது. இதற்குத் தேவைப்பட்டவை ஒரு கதிரை, ஒரு பிற்பகல், மறுபடி வருவேன் என்று சொல்லி வந்து நின்ற ஒரு மனிதர்.

இனிப் பதிவேற்றக் கணக்கு என்ன செய்யும் என்பதையும் சொல்கிறேன். அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. துணையின்றி, நேரமின்றி, எண்ணிக்கையை மட்டும் காட்ட வேண்டிய ஆசிரியர், பாடநூலின் பக்கத்தைக் கைபேசியில் படம்பிடித்து ஏற்றுகிறார். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் அந்தப் பாடநூல் பிள்ளையின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் முழுமையாக இருக்கிறது. கையில் உள்ள நூலின் மங்கலான நிழற்படத்தைப் பார்க்கப் பிள்ளை டேட்டாவைச் செலவழிக்கிறது. வலயத்தின் பட்டியலில் அந்த ஆசிரியருக்குப் புள்ளி ஏறுகிறது. மாறாக, ஒரு தவணை முழுவதும் உழைத்து, பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரே ஒரு நல்ல அலகைத் தயாரித்தவர் பட்டியலின் அடியில் நிற்பார். மிகக் கவனமாக உழைக்கும் ஆசிரியர்களையே இந்த அளவுகோல் தண்டிக்கிறது என்பதைத் தாங்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் பற்றாக்குறை காரணமாகவே அவர் திருப்பி அழைக்கப்பட்டார் என்று எமக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அந்தப் பற்றாக்குறை உண்மையானது. படுவான்கரையில் அதை எங்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அவருடைய நிரந்தரப் பாடசாலையின் பிள்ளைகள் பாடவேளையை இழப்பதை நானும் விரும்பவில்லை. ஆனால் அந்த இரண்டு நாட்களில் அவர் ஒரு கோட்டத்தின் பாடசாலைகள் அனைத்துக்கும் பயன்பட்டார். அவர் இல்லாத பாடவேளைகளை நிரப்ப வேறு வழிகள் தேடப்பட்டனவா? தாழங்குடாவில் மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரியும் அட்டாளைச்சேனையில் இன்னொரு தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே பயிலும் ஆசிரிய மாணவர்கள் மூன்றாம் ஆண்டைப் பாடசாலைகளில் பயிற்சியாகவே கழிக்கிறார்கள். இக்கருவிகளில் எங்களைவிடக் கைதேர்ந்த அந்த இளையவர்களை மூத்த ஆசிரியர்களுடன் இணைத்துவிட்டால் இருபுறமும் பயன் உண்டு: கருவியை அவர்கள் காட்டுவார்கள், பாடத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதை நாங்கள் காட்டுவோம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இவ்வளவையும் அருகில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லை என்பதை இறுதிப் பதிலாக ஏற்க என்னால் முடியவில்லை.

2026 இல் முதலாந் தரத்தில் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் அடுத்தடுத்த தரங்களுக்கும் வரவிருக்கிறது. அப்போது இணையக் கருவிகளின் தேவை இன்னும் கூடும். ஆசிரியரைத் தயார்ப்படுத்தாமல் அதை எதிர்கொண்டால் 2020 இல் பட்ட அவதியே திரும்பும். அதன் சுமையை முதலில் உணர்வது வாகரையிலும் வெல்லாவெளியிலும் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் உள்ள பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை.

பதிவேற்ற எண்ணிக்கையைச் செயலாற்றுகை மதிப்பீட்டில் சேர்க்கும் அறிவித்தலை அடுத்த தவணை தொடங்குமுன் எழுத்தில் மீளப்பெறுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆசிரியரும் தவணைக்கு ஓர் அலகைத் தம் பாடக் குழுவுடன் சேர்ந்து தயாரிக்கக் கேளுங்கள். அதன் தரத்தை அந்தப் பாடத்தின் ஆசிரிய ஆலோசகர் பார்க்கட்டும்.

விடுவிக்கப்பட்டிருந்த ஆசிரியையை முன்போல் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மீண்டும் தாருங்கள். எமது கோட்டத்துக்கு மட்டுமல்லாமல் வலயத்தின் ஒவ்வொரு கோட்டத்துக்கும் இவ்வாறு ஒருவர் வேண்டும். அவர் தனிப்பட்ட நல்லெண்ணத்தால் ஓடித்திரியாதபடி, முறையான விடுவிப்புக் கடிதமும் பிரயாணக் கொடுப்பனவும் வழங்கப்பட வேண்டும். அவர் பாடசாலையில் இழக்கப்படும் பாடவேளைகளுக்கான ஏற்பாடும் அதே கடிதத்தில் குறிப்பிடப்பட வேண்டும். மாகாண நிர்வாகம் இரண்டு கல்வியியற் கல்லூரிகளுடனும் பேசி, பயிற்சி ஆண்டில் உள்ளவர்களை இப்பணியில் இணைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் சேர்ந்திருந்து பழகுவதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையைப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே நேரசூசியில் ஒதுக்க அதிபர்களுக்கு அனுமதி கொடுங்கள். அதைப் பாடசாலை மட்ட வாண்மை விருத்தி நேரமாகக் கணக்கிடுங்கள். இனி நடத்தும் செயலமர்வுகள் தமிழில், பாடவாரியாக, சிறு குழுக்களாக நடக்கட்டும். ஆசிரியர் தம் பாடத்தையே கொண்டு வந்து, செய்து முடித்துப் போகட்டும்.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் வலயத்தின் பெயரிலான மின்னஞ்சற் கணக்கும், ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பொதுத் தொலைபேசி இலக்கமும் தாருங்கள். எந்த ஆசிரியையும் தம் சொந்த இலக்கத்தைக் கொண்டு வகுப்புக் குழு அமைக்க வற்புறுத்தப்படலாகாது என்று சுற்றுநிருபம் அனுப்புங்கள். மறுத்ததற்காக எழுதப்பட்ட குறிப்புகளை அவர்களின் சுயவிவரக் கோவைகளிலிருந்து நீக்குங்கள். பல்கலைக்கழகங்களுக்குச் செய்தது போன்ற டேட்டா ஏற்பாட்டைப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் பெற்றுத் தருமாறு கல்வி அமைச்சினூடாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் மாகாணம் எழுத்தில் கோர வேண்டும்.

சிக்னல் இல்லாத பாடசாலைகளுக்கு, இணையமின்றியே பாடங்களை வழங்கக்கூடிய கொலிப்ரி போன்ற மென்பொருளும் ஃபெட் மாதிரி ஆய்வுகளும் ஏற்றப்பட்ட ஒரு கணினியைக் கொடுங்கள். முதலில் வெள்ளத்தில் துண்டிக்கப்படும் ஊர்களிலிருந்து தொடங்குங்கள். வலயத்திலிருந்து வெளியாகும் வினாத்தாள்களும் கடிதங்களும் இன்றிலிருந்தே யூனிகோட்டில் வரட்டும். அதற்குப் பணமும் வேண்டியதில்லை, ஆளணியும் வேண்டியதில்லை.

இவை பற்றிப் பேச, கோட்டத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் வீதம் அழைத்து, இத்தவணை விடுமுறைக்கு முன்னர் ஒரு கூட்டம் நடத்துங்கள். எமது மூத்த தமிழாசிரியையும் அதில் இருக்க வேண்டும். தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்ட அரச ஊழியை என்பதால் என் பெயரை இங்கே வெளியிடவில்லை. அதிபர் ஊடாக அனுப்பிய முறையீட்டில் பெயரும் ஒப்பமும் உள்ளன. அந்த முறையீட்டுக்கான எழுத்துமூலப் பதிலையும் கூட்டத்துக்கான திகதியையும் தவணை முடிவதற்குள் அதிபருக்கு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.